ஊராட்சிக் குடிநீர் மோட்டார்: குறைந்த விலைக்கு வாங்கியும் செலவு கூடுகிறது, விதிக்குள் நின்று நல்லதை வாங்குவது எப்படி?

குடமுருட்டிக் கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் நன்னிலம் வட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். எங்கள் கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். அரசுப் பணத்தில் பொருள் வாங்கும் முறையைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருக்கிறது. அதைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நிரப்ப வேண்டும். இதற்கான 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மூன்று விலைப்புள்ளிகள் (கொட்டேஷன்) பெற்று வாங்கினார்கள். 27,400, 33,900, 36,200 ரூபாய் என்று வந்த மூன்றில் முதலாவதை எடுத்தார்கள். வேறு எதையும் எடுக்க வழியில்லை என்றுதான் குழுவுக்குச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச்சுருள்) மூன்று முறை எரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மோட்டாரை மேலே தூக்கி, கும்பகோணத்துக்கு எடுத்துச் சென்று காயில் கட்டி, மறுபடியும் இறக்குவதற்கு 9,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. ஆக, 6,500 ரூபாய் மிச்சம் என்று தொடங்கி, 27,000 ரூபாயைப் பழுதுக்கே கொடுத்திருக்கிறோம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடந்த சித்திரையில் நான்கு நாள் தொடர்ந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. ஊராட்சி அலுவலகத் திண்ணையில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, பெண்கள் அடுத்த தெரு அடிபம்பில் நின்றார்கள். அந்தப் பம்பில் ஒரு குடம் நிரம்ப ஐந்து நிமிடம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வந்து நின்ற பாட்டி ஒருவர், குடத்தின் கழுத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து தூங்கிவிட்டதை நான் பார்த்தேன்.

இப்போது எரிந்த மோட்டாரைக் கட்டி இறக்கியிருக்கிறோம், ஓடுகிறது. வரும் சித்திரைக்குள் புதிதாக ஒன்று வாங்க நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்ல மோட்டாரைக் கூடுதல் விலைக்கு எடுத்தால் தணிக்கைத் தடை (கணக்கைச் சரிபார்ப்பவர்கள் எழுதும் ஆட்சேபம்) வரும், கூடுதலாகக் கொடுத்த தொகையைத் தம்மிடமே வசூலிப்பார்கள் என்று ஊராட்சிச் செயலர் அஞ்சுகிறார். அவருடைய அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குறைந்த விலை என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது என்பதுதான் சட்டமா? விதியை மீறாமல், கொடுக்கும் பணத்துக்குத் தகுந்த பொருளை வாங்க என்ன செய்ய வேண்டும்?

வெண்ணாறு (பதில்):

வணக்கம் ஐயா. நான் குடிநீர்ப் பணிகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்ட முதல் செய்தி விலை இல்லை, "5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார்" என்ற சொற்கள்தான். உங்கள் விலைப்புள்ளிக் கோரிக்கையிலும் இவ்வளவுதான் எழுதியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். அப்படி எழுதினால், 5 எச்.பி. என்று தகடு ஒட்டிய எதுவும் தகுதி பெற்றுவிடும். அவற்றில் விலை குறைந்தது வந்து சேரும். பிழை விலைப்புள்ளி உறையைப் பிரித்த நாளில் நடக்கவில்லை. கோரிக்கையை எழுதிய நாளிலேயே நடந்துவிட்டது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நமது மாநிலத்தில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கு (டெண்டர்) அடிப்படை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் வந்த 2000-ஆம் ஆண்டின் விதிகளும் ஆகும். அந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் "குறைந்தது" எது என்பதை, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, புறவயமான, அளவிடத்தக்க காரணிகளைக் கொண்டும் அவற்றுக்கு உரிய எடை கொடுத்தும் கண்டறிய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பலரும் முதல் பாதியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் அளவில் செய்யும் சிறிய கொள்முதல் விலைப்புள்ளி முறையில் நடந்தாலும், இந்த நெறியைப் பின்பற்றுவதில் தவறு எதுவும் இல்லை. ஆவணத்தில் எழுதாத ஒன்றைக் காரணம் காட்டி, விலை தெரிந்த பிறகு ஒருவரை ஒதுக்குவதுதான் தவறு.

இனி மோட்டாருக்கு வருகிறேன். கோரிக்கையில் குதிரைத்திறனை எழுதாமல், அந்த இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். உங்கள் தொட்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோடையில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 20 மீட்டர், தொட்டியின் உயரம் 12 மீட்டர், குழாயின் உராய்வுக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தத் தூக்கு உயரம் 40 மீட்டர் ஆகிறது. 30,000 லிட்டரை இரண்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் விநாடிக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். ஆகவே "40 மீட்டர் தூக்கு உயரத்தில் விநாடிக்கு 4.2 லிட்டர்" என்பதே உங்கள் தேவை. இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? சந்தையில் கிடைக்கும் பல பம்புகள், நூறு மீட்டருக்கும் கீழே தண்ணீர் இருக்கும் மேட்டு நிலங்களை மனத்தில் வைத்து, அதிக அடுக்குகளுடன் (தண்ணீரைத் தள்ளும் சுழலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக) செய்யப்படுகின்றன. அப்படிப்பட்ட பம்பை நமது டெல்டாவில், நீர்மட்டம் மேலே இருக்கும் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கினால், எதிர்ப்பு குறைவாக இருப்பதால் அது தன் அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ள முயலும். மோட்டார் மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். காயில் சூடேறி ஒருநாள் எரியும். மின்னழுத்தம் குறைவதையும், மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் (முனை) போய்விடுவதையும், வண்டல் மண்ணிலிருந்து பொடிமணல் ஏறுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரோடு, பேஸ் விடுபட்டால் தானாக நிறுத்தும் கருவியும் தண்ணீரின்றி ஓடாமல் தடுக்கும் கருவியும் ஒரே விலைப்புள்ளியில் கேட்கப்பட வேண்டும்.

அடுத்தது மின்கட்டணம். இதை யாரும் கொள்முதல் செலவாகவே எண்ணுவதில்லை, ஏனென்றால் பில் வேறு தலைப்பில் போகிறது. நாளொன்றுக்கு 60,000 லிட்டரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற இயற்பியல்படி தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 6.5 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்த செயல்திறன் 30 விழுக்காடு என்றால் மீட்டரில் ஏறத்தாழ 22 யூனிட் ஓடும்; 45 விழுக்காடு என்றால் 14.5 யூனிட்தான் ஓடும். நாளுக்கு 7 யூனிட்டுக்கு மேல் வேறுபாடு. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் ஆகிறது. நீங்கள் மிச்சப்படுத்திய 6,500 ரூபாய் நான்கு மாதத்தில் கரைந்துபோயிருக்கும், காயில் ஒருமுறைகூட எரியாமல் இருந்திருந்தாலும்.

எனவே கோரிக்கையிலேயே இப்படி எழுதச் சொல்லுங்கள்: மோட்டாரின் விலையோடு, ஐந்தாண்டு மின்செலவையும் நாங்கள் குறிப்பிட்ட சூத்திரப்படி சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரையே குறைந்த விலைப்புள்ளி தந்தவராகக் கொள்வோம். பம்பு ஐ.எஸ். 8034 என்னும் இந்தியத் தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும். சோதனைச் சான்றைத் தர வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைச் செய்தால் உங்கள் நல்ல எண்ணமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அரசலாறு (பதில்):

நான் கும்பகோணத்தில் மோட்டார், குழாய், மின்பொருள் விற்பனை செய்பவன். விற்பவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெண்ணாறு ஐயா சொன்னபடி கோரிக்கை வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சிதான். இப்போது வருகிற கோரிக்கைகளைப் பார்த்து, நல்ல பொருளை வைத்திருக்கும் கடைக்காரர்கள் விலைப்புள்ளி கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கொடுத்தாலும் கிடைக்காது என்று தெரிந்த பிறகு யார் மெனக்கெடுவார்கள்? அதனால் ஒரே வகையான மூன்று விலைப்புள்ளிகள் வருகின்றன, போட்டி இருப்பதாகக் காகிதத்தில் தெரிகிறது.

இன்னொன்று பணம் வரும் நாள். ஓர் உள்ளாட்சி அமைப்புக்குக் குழாய்களைக் கொடுத்துவிட்டு, பில் தொகைக்காக நான் பதினொரு மாதம் நடந்திருக்கிறேன். அந்த அமைப்பின் பெயர் வேண்டாம். அடுத்த முறை அவர்கள் கேட்டபோது, பதினொரு மாத வட்டியையும் கணக்கிட்டுத்தான் விலை எழுதினேன்; எழுதாமல் என்ன செய்வது? என் சொந்தக் கடை கோயம்புத்தூர் மொத்த விற்பனையாளருக்கு முப்பது நாளில் பணம் கட்ட வேண்டும். தாமதமாகப் பணம் தரும் அலுவலகம் அதே பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறது, அல்லது அதே விலைக்குத் தரம் குறைந்ததைப் பெறுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அடுத்த ஆர்டரும் அதே மேசையிலிருந்துதான் வரவேண்டும் என்பதால் வழக்குப் போட யாரும் துணிவதில்லை.

ஆகவே உங்கள் ஊராட்சிக்கு என் வேண்டுகோள்: பத்து விழுக்காட்டை உத்தரவாதக் காலம் முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு மறுப்பில்லை. மீதித் தொகையை இத்தனை நாளில் தருவோம் என்று கோரிக்கையிலேயே எழுதி, அந்த நாளில் தந்துவிடுங்கள். ஒருமுறை அப்படி நடந்தால் கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை மூன்று ஊர்க் கடைகளிலும் அந்தச் செய்தி பரவிவிடும். அடுத்த முறை உங்களுக்கு மூன்று விலைப்புள்ளிக்குப் பதில் எட்டு வரும்.

பாமணியாறு (பதில்):

மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயி. ஆனால் வந்த பொருளை யார் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வி இதுவரை எழவில்லை என்பதால் எழுதுகிறேன்.

குறுவை அறுவடையின்போது புரட்டாசி மழை வந்துவிட்டால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நிலை என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அளவு தளர்த்தப்படும்வரை காத்திருக்க வேண்டும். எடுத்த நெல்லும் கிடங்குக்கு ஏற்றிப் போகும்வரை திறந்தவெளியில் அடுக்கிக் கிடக்கும். அப்போது அதைக் காப்பது தார்ப்பாய் ஒன்றுதான். எங்கள் பகுதியில் ஓர் ஆண்டு புதிய தார்ப்பாய்கள் வந்தன; முப்பதுக்கு இருபது அடி, சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று உறையில் அச்சிட்டிருந்தது. கையில் எடுத்தபோதே மெல்லியதாக இருந்தது. நானும் பக்கத்து நிலத்துக்காரரும் அதில் ஒன்றை மடித்து, மூட்டை எடைபோடும் அதே தராசில் வைத்தோம். முப்பதுக்கு இருபது அடி என்றால் ஏறத்தாழ 56 சதுர மீட்டர்; 14 கிலோ இருக்க வேண்டும். தராசு 9 கிலோ 200 கிராம் காட்டியது. அதாவது கேட்டது 250 கிராம், வந்தது 165 கிராமுக்குள். இரண்டு வாரக் காற்றில் ஓரக் கண்ணிகள் கிழிந்து, நடு மடிப்பில் தண்ணீர் இறங்கியது. அந்தப் பாயின் கீழே சுமார் இருநூறு சிப்பம் (நெல் மூட்டை) இருந்தது. 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்ற விலையில் 40 கிலோ சிப்பம் ஒன்று 1,000 ரூபாய். அந்தக் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாய் நெல்லை, ஐந்து கிலோ பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்த பாய் காத்துக்கொண்டிருந்தது.

தராசு அங்கேயே இருந்தது. பொருள் வந்து இறங்கிய நாளில், பதிவேட்டில் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்; ஒன்றையாவது எடை போட்டிருந்தால் லாரியை அப்படியே திருப்பியிருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலுக்கு வந்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததாகவும், நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்ததாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். என்ன வந்தது என்பதோடு எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதிய ஊர் இது. எண்ணிக்கையை மட்டும் எழுதுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

குடமுருட்டிக் கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெண்ணாறு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, எரிந்த பம்பின் பெயர்த்தகட்டைத் தேடிப் போனேன். நல்லவேளையாகக் காயில் கட்டியவரிடம் அதன் படம் இருந்தது. தூக்கு உயரம் 70 முதல் 110 மீட்டர் வரை என்று இருக்கிறது. எங்களுக்குத் தேவை 40 மீட்டர்தான் என்றால், மூன்று முறை எரிந்ததற்கு விடை அதிலேயே இருக்கிறது. இதுவரை மோட்டார் இயக்குபவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், அதற்காக வருந்துகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மின்செலவைச் சேர்த்துக் கணக்கிடுவதைத் தணிக்கை ஏற்குமா? அடுத்து, கோடை நடுவில் மோட்டார் எரிந்தால் இந்த நடைமுறைக்கெல்லாம் நேரம் இருக்காது. அவசரம் என்று எழுதி நேரடியாக வாங்கலாமா?

வடவாறு (பதில்):

நான் தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். தணிக்கையாளர் குறைந்த விலையை மட்டுமே கேட்பார் என்ற அச்சம் பெரும்பாலான அலுவலகங்களில் இருக்கிறது. அதற்கு எங்கள் தரப்பிலும் காரணம் உண்டு, ஏனென்றால் விலை வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது, கோப்பில் இல்லாத பயனைக் கண்டுபிடிப்பது கடினம். தணிக்கை பார்க்க வேண்டியது சிக்கனம், செயல்திறன், பயன்விளைவு ஆகிய மூன்றையும்தான். நான் தடை எழுதிய கோப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். அதிக விலை கொடுத்ததற்காக எழுதியவை குறைவு. ஏன் அதிக விலை கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூடக் கோப்பில் இல்லாததற்காக எழுதியவையே மிகுதி. மதிப்பிடும் சூத்திரம் விலைப்புள்ளி கேட்கும்போதே அனைவருக்கும் தரப்பட்டிருந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தப்பட்டு, கணக்கீட்டுத் தாள் கோப்பில் இருந்தால், அதற்குத் தடை எழுத எனக்குக் காரணம் இருந்திருக்காது. உங்கள் பழைய மோட்டாரின் பழுதுச் செலவுச் சீட்டுகளையும் மின்கட்டண பில்களையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். பிறகு, அந்தக் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். செயலருக்கு அதைவிடப் பெரிய துணை வேறு இல்லை.

அவசரத்தைப் பற்றி. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு அறிவிக்கும் இயற்கைப் பேரிடர், அவசரநிலைக் காலங்களில் விலக்கு தருகிறது. மோட்டார் எரிவது பேரிடர் ஆகாது. அது ஒவ்வொரு கோடையிலும் எதிர்பார்க்க வேண்டியது. விலை தருவதற்கான அவகாசத்தைக் குறைப்பதும் எளிதாகச் செய்யத் தக்கது இல்லை. முறையான ஒப்பந்தப்புள்ளிகளுக்கு, இரண்டு கோடி ரூபாய் வரை 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் குறைந்தபட்ச அவகாசம் தர வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமென்றால் மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து ஒப்புதல் தர வேண்டும். அவகாசம் குறைந்தால், முன்கூட்டியே செய்தி தெரிந்த ஒருவர் மட்டுமே விலை தர முடியும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு வந்த கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார்கள் நன்றாக இருந்தன, மின்சாரம் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்தார்கள். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒரே திறனுள்ள ஜெனரேட்டருக்கு, ஓர் ஊரில் மற்ற ஊரைப் போல இரண்டு மடங்கு வாடகை கொடுத்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்குத் தவிக்கும் மக்கள் முன்னால் நிற்கும்போது பேரம் பேச முடியாது. ஆனால் ஐப்பசி மழைக்கு முன்பே, ஆவணி மாதத்தில், ஊராட்சி ஒன்றிய அளவில் சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கும், காயில் கட்டும் கூலிக்கும், மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலிக்கும் ஆண்டு விலை ஒப்பந்தம் ஒன்று போட்டு வைத்திருந்தால், புயல் வந்த மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாலே போதுமாக இருந்திருக்கும். விலை அமைதியான காலத்தில் முடிவாகியிருக்கும்.

அதே முறையில், ஒரே அளவு பம்பு பொருந்தும் நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு மாற்று மோட்டாரை வாங்கி ஒன்றிய அலுவலகத்தில் வைக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் போன்றவற்றைச் சேர்த்து வாங்கினால் விலை குறையும். மோட்டாரைத் தொலைவில் இருப்பவரிடம் வாங்கினால், பழுதுக்கு அழைக்கும்போது அவர் வருவதற்குள் உங்கள் தொட்டி காய்ந்துவிடும்.

குடமுருட்டிக் கரை:

நன்றி அம்மா. இன்று காலை மோட்டார் இயக்குபவரும் நானும் தொட்டியின் கீழே நின்று, அடித்தளம் வரை வடிந்த தொட்டி நிரம்பி வழியும்வரை கடிகாரத்தையும் மின்மீட்டரையும் பார்த்துக் குறித்துக்கொண்டோம். 2 மணி 40 நிமிடம் ஆயிற்று; 14 யூனிட் ஓடியது. வெண்ணாறு ஐயா சொன்ன நல்ல பம்பாக இருந்தால் ஒரு நிரப்புக்கு ஏழேகால் யூனிட்தான் ஆகியிருக்கும். புதிய மோட்டார் வந்து இறங்கியதும் இதே சோதனையைச் செய்து, நேரமும் யூனிட்டும் குறித்த பிறகே பொருளை ஏற்போம், பில்லில் கையெழுத்திடுவோம் என்று கோரிக்கையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். பாமணியாறு அண்ணனின் தராசுதான் இந்த யோசனையைக் கொடுத்தது. செயலரும் ஒப்புக்கொண்டார், கணக்கீட்டுத் தாளை அவரே தட்டச்சு செய்கிறார். நீர்மட்டத்தை இப்போது அளந்ததில் தரையிலிருந்து 9 மீட்டர் வருகிறது. அதையே எழுதிவிடலாமா?

வெண்ணாறு:

எழுத வேண்டாம் ஐயா. இப்போது தை மாதம். மழைநீரும் ஆற்றுநீரும் ஊறி மட்டம் மேலே நிற்கும். மோட்டார் ஓடாதபோது அளந்ததையும் கணக்கில் கொள்ளக்கூடாது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள். பிறகு, கடந்த கோடையில் மோட்டாரைத் தூக்கியபோது குழாயில் ஈரத்தடம் எந்த இணைப்பு வரை இருந்தது என்று இறக்கியவரைக் கேளுங்கள்; ஒரு குழாய் இருபது அடி என்று எண்ணிச் சொல்லிவிடுவார். அந்த இரண்டு அளவுகளையும் எனக்கு அனுப்புங்கள். இவற்றுக்கு இடைப்பட்ட உயரம் முழுவதிலும் பழுதின்றி ஓடும் பம்பைத்தான் கேட்க வேண்டும். விவரக்குறிப்பின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.